சி.டி. ஸ்கேனில் கதிர்வீச்சைக் குறைக்க ஏழு வழிகள்: எதில் முதலில் கை வைப்பது?

சி.டி. பிரிவை நடத்துகிறவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. நோயாளி வாங்கும் கதிர்வீச்சின் அளவை, அதாவது டோஸை, குறைக்கச் சொல்லி அழுத்தம் வருகிறது. கையில் இருக்கும் பணமும் கொஞ்சம், நேரமும் கொஞ்சம். புது சாஃப்ட்வேர் வாங்குவதா, கவசம் வாங்குவதா, மெஷினையே மாற்றுவதா? அல்லது இருக்கிற புரோட்டோகாலை (ஒவ்வொரு பரிசோதனையையும் எப்படி எடுப்பது என்று மெஷினில் வைத்திருக்கும் அமைப்பை) உட்கார்ந்து திருத்தினாலே போதுமா?

ஒவ்வொரு வழிக்கும் பரிந்து பேச ஆள் உண்டு. விற்பனைத் தாள்களில் "80 சதவீதம் வரை குறையும்" என்று போட்டிருக்கும். அந்த "வரை" எந்த நோயாளிக்கு, எந்தப் பரிசோதனைக்கு, எதோடு ஒப்பிட்டு என்று கேட்டால்தான் உண்மை தெரியும். ஏழு வழிகளையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: பெரிய குறைப்புகள் காசு கேட்காத வழிகளில்தான் இருக்கின்றன. அவை கேட்பது ஆள் நேரத்தையும் விடாப்பிடியையும்.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து அளவுகோல்கள் போதும்.

1. டோஸ் உண்மையில் எவ்வளவு குறையும்?
2. டாக்டர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் தரம் படத்தில் மிஞ்சுமா?
3. விலைப்பட்டியலில் வராத செலவு என்ன?
4. தவறு நேர்ந்தால் எந்தப் பக்கம் சாயும்?
5. பழகிய டெக்னாலஜிஸ்ட் விடுப்பில் போனாலும் அந்தக் குறைப்பு நிற்குமா?

நான்காவதைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். சில வழிகள் பிசகினால் படம் கெடும். அது உடனே கண்ணுக்குத் தெரியும், யாராவது திருத்திவிடுவார்கள். வேறு சில பிசகினால் படம் இன்னும் அழகாக வரும், டோஸ் மட்டும் சத்தமில்லாமல் ஏறும். அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையில் மூளையின் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் பெர்ஃப்யூஷன் ஸ்கேன் எடுத்த 206 பேருக்கு, ஏறத்தாழ 18 மாதக் காலத்தில், இருக்க வேண்டியதைப்போல 8 மடங்கு டோஸ் போயிருந்தது. 0.5 கிரேக்குள் (கிரே என்பது உடல் உறிஞ்சும் கதிர்வீச்சின் அலகு) இருக்க வேண்டிய இடத்தில் 3 முதல் 4 கிரே. சிலருக்கு முடி உதிர்ந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அந்நாட்டு மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2009 அக்டோபரில் எச்சரிக்கை விட்டது. படம் மோசமாக இருந்திருந்தால் இவ்வளவு நாள் போயிருக்காது.

எண்களைப் படிக்கும் முறையையும் இங்கேயே பார்த்துவிடலாம். ஸ்கேன் முடிந்ததும் டோஸ் பக்கத்தில் இரண்டு எண்கள் வரும். முதலாவது சிடிடிஐ, மில்லிகிரேயில். இது மெஷின் ஒரு பிளாஸ்டிக் உருளைக்குள் எவ்வளவு கொட்டும் என்பதன் அளவு. நோயாளி வாங்கிய டோஸ் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தலைக்கு 16 செ.மீ. உருளை, பெரியவர்களின் உடலுக்கு 32 செ.மீ. உருளை. குழந்தையின் வயிற்றுக்கும் 32 செ.மீ. உருளைக் கணக்கே திரையில் வந்தால், உண்மை அந்த எண்ணைப்போல இரண்டு மடங்குக்கு மேலேகூட இருக்கலாம். உடல் அளவை வைத்துத் திருத்தும் அட்டவணைகளை அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2011-ல் வெளியிட்டிருக்கிறது. குழந்தைகளைப் பார்க்கும் பிரிவில் அதைக் கையோடு வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது எண் டிஎல்பி. சிடிடிஐயை ஸ்கேன் நீளத்தால் பெருக்கினால் வருவது. பெரியவர்களுக்கு அதைத் தலை என்றால் 0.0021, மார்பு என்றால் 0.014, வயிறு என்றால் 0.015 ஆல் பெருக்கினால், உடல் முழுவதற்குமான பாதிப்பைக் காட்டும் அலகான மில்லிசீவர்ட் தோராயமாகக் கிடைக்கும். சிடிடிஐ 12, நீளம் 48 செ.மீ. என்றால் டிஎல்பி 576; வயிறு-இடுப்பு ஸ்கேனுக்கு அது ஏறத்தாழ 8.6 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து ஒரு மனிதர் வாங்குவது உலக சராசரியில் ஆண்டுக்கு 2.4. இந்தக் கணக்கு புரோட்டோகால்களை ஒப்பிடுவதற்கு மட்டுமே. "இவருக்குப் புற்றுநோய் வருமா" என்று ஒரு நோயாளிக்குச் சொல்ல உதவாது.

ஆபத்தின் அளவு எவ்வளவு? அமெரிக்க தேசிய அறிவியல் கழகக் குழு ஒன்றின் மதிப்பீட்டின்படி, 100 பேர் ஆளுக்கு 100 மில்லிசீவர்ட் வாங்கினால் அவர்களில் ஒருவருக்கு அதனால் புற்றுநோய் வரலாம். அதே 100 பேரில் சுமார் 42 பேருக்கு மற்ற காரணங்களால் எப்படியும் வரும். குழந்தைகளின் கணக்கு வேறு. ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் ஏறக்குறைய 9.5 லட்சம் பேரைப் பின்தொடர்ந்த எபி-சிடி ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. இன்று சி.டி. எடுக்கும் 10,000 குழந்தைகளில் ஒருவர் அல்லது இருவருக்கு அடுத்த 12 ஆண்டுகளில் அதன் காரணமாக ரத்தப் புற்றுநோய் வரக்கூடும் என்றது அது. ஒரு குழந்தைக்கு இது மிகச் சிறிய வாய்ப்புதான். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் எடுக்கும் பிரிவுக்கு, தேவையில்லாத ஒவ்வொரு ஸ்கேனும் பொறுப்பாகிறது.

எந்த வழியில் இறங்கினாலும் அதற்கு முன் ஒரு வேலை உண்டு. தலை, மார்பு, வயிறு-இடுப்பு, குழந்தைத் தலை என்று நான்கு பரிசோதனைகளுக்கும் தலா 30 பேரின் சிடிடிஐ, டிஎல்பி, எடை, ஃபேஸ் எண்ணிக்கை (ஒரே பரிசோதனையில் எத்தனை முறை ஓட்டியது), நீளம் ஆகியவற்றை எழுதி, நடுமதிப்பை எடுங்கள். அதை உங்கள் நாட்டின் ஒப்பீட்டு டோஸ் அளவோடு வைத்துப் பாருங்கள். சிடிடிஐ சரியாக இருந்து டிஎல்பி மட்டும் எகிறினால் கோளாறு நீளத்திலோ ஃபேஸிலோ இருக்கிறது. சிடிடிஐயே எகிறினால் மெஷின் அமைப்பைப் பாருங்கள். நோயைக் கண்டுபிடிக்காமல் மருந்து வாங்கக் கூடாது.

## வழி 1: ஸ்கேனைத் தவிர்ப்பது, அல்லது வேறு பரிசோதனைக்கு மாற்றுவது

முழு டோஸும் மிச்சமாகும் ஒரே வழி இதுதான். இதற்கு நல்ல சான்றுகளும் இருக்கின்றன. குழந்தை விழுந்து தலையில் அடிபட்டால் யாருக்கு சி.டி. தேவையில்லை என்று சொல்லும் பெக்கார்ன் விதி, 42,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்து 2009-ல் வந்தது. இரண்டு வயதைத் தாண்டிய குழந்தை தெளிவாகப் பேசுகிறது, மயங்கவில்லை, வாந்தி இல்லை, கடும் தலைவலி இல்லை, மண்டையின் அடி எலும்பு உடைந்த அறிகுறி இல்லை, விழுந்த விதமும் மோசமில்லை என்றால் ஸ்கேன் வேண்டாம். இரண்டு வயதுக்குக் கீழே வேறு பட்டியல். இரண்டையும் கலந்துவிடக் கூடாது. சிறுநீரகக் கல் சந்தேகத்தில் முதலில் அல்ட்ராசவுண்ட் பார்த்தால் என்ன ஆகும் என்று 2,759 பேரிடம் நடத்திய சோதனை 2014-ல் வெளியானது. கடுமையான சிக்கல்கள் சி.டி.யில் தொடங்கியவர்களைவிடக் கூடவில்லை.

மறைவான செலவு நேரம். ஸ்கேன் வேண்டாம் என்றால் குழந்தையைச் சில மணி நேரம் கவனிக்க இடமும் ஆளும் வேண்டும். இரவு இரண்டு மணிக்கு அல்ட்ராசவுண்ட் பார்க்கத் தெரிந்தவர் இல்லையென்றால் இந்த வழி காகிதத்தில் மட்டும் இருக்கும். எம்.ஆர்.ஐ. கதிர்வீச்சில்லாதது, ஆனால் சிறு குழந்தைக்கு மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும், அதற்கென்று தனி ஆபத்து உண்டு.

இன்னொரு சத்தமில்லாத இழப்பும் இருக்கிறது. முந்தைய இடத்தில் எடுத்த படம் அங்கே கொடுத்த டிஸ்கிலிருந்து திறக்கவில்லை என்பதற்காக மறுபடி எடுக்கும் ஸ்கேன். வெளிப்படங்களைச் சர்வரில் ஏற்றிக்கொள்ள ஒரு கணினியும், அதற்குப் பொறுப்பான ஒருவரும் இருந்தால் இது நின்றுவிடும்.

பல காயங்களோடு வரும் விபத்து, பக்கவாதம், மகாதமனிக் கிழிசல் சந்தேகம் ஆகியவற்றில் இந்த வழியை நினைக்கவே கூடாது. அங்கே தாமதம்தான் பெரிய ஆபத்து.

## வழி 2: ஃபேஸையும் நீளத்தையும் வெட்டுவது

மேலே போட்ட கணக்கையே எடுத்துக்கொள்வோம். வயிறு-இடுப்பு ஒருமுறை 8.6 மில்லிசீவர்ட். "ட்ரிப்பிள் ஃபேஸ்" (ரத்தத்தில் ஏற்றும் அயோடின் மருந்தான கான்ட்ராஸ்ட் தமனியில் ஓடும் ஆர்ட்டீரியல், கல்லீரல் சிரையில் ஓடும் போர்ட்டல், சற்றுத் தாமதித்து எடுக்கும் டிலேய்ட் என மூன்று கட்டங்கள்) என்று எழுதி வந்ததால் மூன்று முறையும் முழு நீளத்துக்கு ஓட்டினால் 25.9. ஆர்ட்டீரியல், டிலேய்ட் இரண்டையும் கல்லீரல் இருக்கும் 25 செ.மீ.க்கு மட்டும் எடுத்துவிட்டு, போர்ட்டல் ஃபேஸை மட்டும் முழு நீளத்துக்கு ஓட்டினால் 17.6. கேள்வியே காய்ச்சலுக்கும் வயிற்று வலிக்கும் காரணம் தேடுவதுதான் என்றால் போர்ட்டல் ஒன்றே போதும்: 8.6. ஒரு பைசா செலவில்லாமல் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. எந்த சாஃப்ட்வேரும் இதற்கு ஈடாகாது.

எதை வெட்டலாம் என்பதற்கு ரேடியாலஜிஸ்ட் பேனாவோடு உட்கார வேண்டும். கான்ட்ராஸ்டுக்கு முன் மருந்தில்லாத ப்ளெய்ன் ஸ்கேன் எடுக்கும் பழக்கம் பல இடங்களில் காரணமே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரத்தக்கசிவு, கல், சிறுநீரகக் கட்டி, அதன் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியின் கட்டி போன்ற கேள்விகளுக்கு அது வேண்டும். மார்புக்கு ப்ளெய்னும் கான்ட்ராஸ்டும் சேர்த்து எடுக்க வேண்டிய தேவை மிக அபூர்வம். சிறுநீர்ப்பாதைக்கு மருந்தை இரண்டாகப் பிரித்து, சில நிமிட இடைவெளியில் கொடுத்து, ஒரே ஓட்டத்தில் இரண்டு கட்டங்களையும் பிடிக்கலாம். குழாய்கள் கொஞ்சம் மங்கலாக நிறையும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை.

நீளம் வேறு கதை. கீழே கொஞ்சம் விட்டுப்போனால் மறுபடி கூப்பிட வேண்டும் என்ற பயத்தில் டெக்னாலஜிஸ்ட் இரண்டு பக்கமும் சில செ.மீ. கூட்டிக்கொள்வார். 30 செ.மீ. மார்பில் 5 செ.மீ. கூடினால் டோஸ் ஆறில் ஒரு பங்கு ஏறும். அதோடு, மேசை நகர நகர எக்ஸ்ரே ட்யூப் சுற்றி எடுக்கும் ஸ்பைரல் ஓட்டத்தில் குறித்த எல்லைக்கு வெளியேயும் மெஷின் கொஞ்சம் சுற்றியாக வேண்டும். கதிரைப் பிடிக்கும் டிடெக்டர் அகலமாக இருந்தால், குழந்தையின் குறுகிய உடலில், இந்த உபரி கணிசமானது. தொடக்க இடமும் முடிவிடமும் "நுரையீரல் உச்சியிலிருந்து அட்ரினல் வரை" என்பதுபோல் எழுத்தில் இருக்க வேண்டும்.

மருந்து வருவதைப் பார்க்க ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எடுக்கும் ட்ராக்கிங் படங்களையும் மறக்கக் கூடாது. முதல் படத்தை 10 விநாடி கழித்துத் தொடங்குவதும், எம்ஏவை (ட்யூபின் கரண்டை) மெஷின் அனுமதிக்கும் அடிமட்டத்துக்கு இறக்குவதும் ஒரு நிமிட வேலை.

தவறினால்? தேவையான ஃபேஸ் விட்டுப்போய் நோயாளி இன்னொரு முறை வர வேண்டியிருக்கும். அதனால் புற்றுநோய்ச் சிகிச்சை மையங்களில் வெட்டுவதற்கு முன் அறுவை மருத்துவர்களோடு பேசிக்கொள்வது நல்லது.

## வழி 3: நடுவில் படுக்கவைப்பதும், ஆட்டோ எம்ஏவைப் புரிந்துகொள்வதும்

இந்த வழியைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். சின்ன விஷயம் என்று கடந்துபோகிறார்கள்; நாள்தோறும் டோஸ் ஒழுகும் இடம் இதுதான்.

நோயாளி மேசையில் படுத்திருக்கிறார். பக்கவாட்டு லேசர் கோடு அவருடைய விலாவின் மேல் விழுகிறது. அது மார்பின் முன்புறத்துக்கும் முதுகுக்கும் சரி நடுவில் விழ வேண்டும். அவசரத்தில் மேசை போதிய உயரத்துக்கு ஏறாமல் நின்றுவிடும். பெரும்பாலான தவறுகள் இப்படித் தாழ்வாகப் படுக்கவைப்பதுதான். 3 செ.மீ. விலகினால் உருளையின் மேற்பரப்பு டோஸ் 18 சதவீதமும், 6 செ.மீ. விலகினால் 41 சதவீதமும் கூடியதாக அளந்திருக்கிறார்கள். காரணம், ட்யூபின் முன்னால் இருக்கும் போ-டை ஃபில்டர். அது நடுவில் மெலிந்தும் ஓரத்தில் தடித்தும் இருக்கும், உடம்பின் தடித்த பகுதி நடுவில் இருக்கிறது என்று நம்பி. உடம்பு விலகினால் மெலிந்த பகுதி வழியாக வரும் கனமான கதிர், தடிமன் குறைந்த ஓரத்தில் விழுகிறது. படத்தில் பிசிறாகத் தெரியும் இரைச்சலும் சேர்ந்தே கூடும். டோஸும் போய், படமும் போய்.

இதோடு முடியவில்லை. எல்லையைக் குறிக்க முதலில் ஸ்கௌட் படம் எடுக்கும்போது ட்யூப் கீழே நின்று, நோயாளியும் தாழ்வாக இருந்தால், அவர் ட்யூபுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறார். நிழல் பெரிதாக விழுகிறது. உடலின் தடிமனுக்கேற்ப கரண்டைத் தானாக மாற்றும் ஆட்டோ எம்ஏ அந்த நிழலைப் பார்த்து "பருமனான ஆள்" என்று எண்ணி கரண்டை ஏற்றிவிடும். உயரமாகப் படுத்தால் எதிர்மாறு: சின்ன ஆள் என்று எண்ணிக் குறைத்துவிடும், படம் மணல் தூவியதுபோல் வரும். ட்யூப் மேலே நின்றால் இரண்டும் தலைகீழ். மேசையின் உயரத்தை ஸ்கௌடுக்குப் பிறகு மாற்றினால் மறுபடி ஸ்கௌட் எடுக்க வேண்டும். அதன் டோஸ் அற்பம், தயங்க வேண்டியதில்லை. கைகளைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்வதும் இதில் சேரும். கைகள் உடலோடு ஒட்டிக் கிடந்தால் பக்கவாட்டில் தடிமன் கூடி கரண்ட் ஏறுகிறது, படத்தில் கோடுகளும் விழுகின்றன.

ஆட்டோ எம்ஏவுக்கு என்ன கட்டளை கொடுக்கிறோம் என்பது அடுத்தது. சில நிறுவனங்களின் மெஷின்களில் "இவ்வளவு இரைச்சல் இருக்கலாம்" என்று ஓர் எண்ணைக் கொடுக்க வேண்டும்; எண்ணைக் குறைத்தால் டோஸ் ஏறும். வேறு சிலவற்றில் நடுத்தர ஆளுக்கான எம்ஏஎஸ் (கரண்டையும் நேரத்தையும் பெருக்கிய அளவு) கொடுக்க வேண்டும். எண்ணைக் குறைத்தால் டோஸ் இறங்கும். இரண்டு வகை மெஷினும் இருக்கும் பிரிவில் இதுவே பெரிய பொறி. இரைச்சல் எண்ணின் இருமடிக்கு எதிராக டோஸ் போகும் என்பதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: 10-லிருந்து 8-க்கு இறக்கினால் டோஸ் 56 சதவீதம் கூடும், 12-க்கு ஏற்றினால் 31 சதவீதம் குறையும்.

இரைச்சல் எண் கேட்கும் மெஷினில் இன்னொன்று. ஸ்கேன் தரவிலிருந்து கணினி படத்தை உருவாக்குவதுதான் ரீகன்; இரைச்சல் எண் முதல் ரீகனின் ஸ்லைஸ் தடிமனோடு கட்டப்பட்டது. 5 மி.மீ.க்கு வைத்த எண்ணை அப்படியே விட்டுவிட்டு, யாரோ முதல் ரீகனை 1.25 மி.மீ. ஆக்கினால், அதே மிருதுவான படத்தைத் தர மெஷின் நான்கு மடங்கு கரண்டைத் தேடும். அதிகபட்ச எம்ஏ வரம்பு ஒன்றுதான் அதைத் தடுக்கும். அந்த வரம்பு வைக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே பார்க்கலாம். மெல்லிய ஸ்லைஸ் வேண்டுமென்றால் இரண்டாவது ரீகனில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிட்சைக் (ஒரு சுற்றுக்கு மேசை நகரும் அளவை) கூட்டினால் டோஸ் குறையும் என்று பாடத்தில் படித்ததை நம்பிப் பிட்சை மாற்றுகிறவர்களும் உண்டு. ஆட்டோ எம்ஏ இருக்கும் பல மெஷின்களில் பிட்ச் ஏறும்போது கரண்டும் சேர்ந்து ஏறி, சிடிடிஐ இருந்த இடத்திலேயே நிற்கும்.

செலவு: பயிற்சிக்குச் சில மணி நேரம், வாரம் ஒருமுறை பத்து ஸ்கௌடுகளைத் திறந்து பார்க்கும் ஒருவர். அந்த ஒருவர் நின்றுவிட்டால் பழக்கமும் நின்றுவிடும். ஐந்தாவது அளவுகோலில் இந்த வழியின் பலவீனம் அதுதான்.

## வழி 4: கேவியை இறக்குவது

கேவி என்பது ட்யூபின் மின்னழுத்தம். எம்ஏஎஸை மாற்றாமல் 120 கேவியிலிருந்து 100-க்கு வந்தால் டோஸ் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். கான்ட்ராஸ்ட் ஸ்கேனில் இதனால் இரட்டை லாபம். அயோடினின் கே விளிம்பு, அதாவது அது கதிரைத் திடீரென்று அதிகமாக உறிஞ்சத் தொடங்கும் ஆற்றல், 33.2 கிலோ எலக்ட்ரான் வோல்ட். கேவி இறங்க இறங்க கதிர்களின் ஆற்றல் அதை நெருங்கி, ரத்தக் குழாய்கள் பளிச்சென்று தெரியும். இரைச்சல் கூடினாலும் வெளிச்சமும் கூடுவதால் கண்ணுக்குத் தெரிவது குறையாது. மருந்தின் அளவையும் குறைக்க வாய்ப்பு கிடைக்கும். நுரையீரல் ரத்தக்கட்டி, இதயத் தமனி, குழந்தைகள், மெலிந்த பெரியவர்கள் ஆகியோருக்கு இதுவே முதல் தேர்வு.

பருமனான நோயாளியிடம் இது திரும்பிக் கடிக்கும். ட்யூப் தன் அதிகபட்ச எம்ஏவை எட்டி நின்றுவிடும், இடுப்பில் கோடு கோடாக விழும், மறுபடி எடுத்தால் சேமித்தது எல்லாம் போச்சு. ப்ளெய்ன் ஸ்கேனில் அயோடின் லாபம் இல்லாததால் பலன் சுமார்தான்.

மறைவான செலவு ரிப்போர்ட்டில் இருக்கிறது. கேவி மாறினால் அயோடின், கால்சியம் ஆகியவற்றின் ஹவுன்ஸ்ஃபீல்டு எண்களும் (படத்தில் ஒவ்வோர் இடமும் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் எண்கள்) மாறும். பழைய ஸ்கேனில் 60 என்று இருந்த கட்டி இப்போது 80 என்றால் அது வளர்ந்ததாலா, கேவி மாறியதாலா? இதயத்தின் கால்சியம் ஸ்கோர் 120 கேவிக்கென்றே, 130 எண் எல்லையோடு வகுக்கப்பட்டது. அந்தப் புரோட்டோகாலில் மட்டும் கேவியைத் தொடாதீர்கள்.

## வழி 5: ரீகன் சாஃப்ட்வேர்

டோஸைப் பாதியாக்கினால் இரைச்சல் 41 சதவீதம் கூடும். அந்த இரைச்சலைக் கணக்கால் துடைப்பதுதான் இட்டரேட்டிவ் ரீகனும், 2019-லிருந்து சந்தைக்கு வந்த டீப் லேர்னிங் ரீகனும். பழைய ஃபில்டர்டு பேக் ப்ரொஜெக்ஷன் முறையோடு ஒப்பிட்டால் பல பரிசோதனைகளில் 30 முதல் 50 சதவீதம் வரை டோஸை இறக்க இடம் கிடைக்கிறது.

இடம் கிடைக்கிறது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். சாஃப்ட்வேரைப் போட்டதும் டோஸ் தானாகக் குறையாது. போட்ட அன்றே படம் மிருதுவாகும், எல்லாரும் மகிழ்வார்கள், எம்ஏஎஸை யாரும் தொடமாட்டார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால் டிஎல்பி பழைய இடத்திலேயே இருக்கும். ஒவ்வொரு புரோட்டோகாலிலும் எம்ஏஎஸை இறக்கி, அல்லது இரைச்சல் எண்ணை ஏற்றி, 10 அல்லது 15 சதவீதப் படிகளாக இறங்க வேண்டும்; ஒவ்வொரு படியிலும் ரேடியாலஜிஸ்டின் ஒப்புதல் வேண்டும்.

எங்கே தவறும் என்பது முக்கியம். நுரையீரல், எலும்பு, கல் போன்று பின்னணியோடு நல்ல வேறுபாடு உள்ளவை மிகக் குறைந்த டோஸிலும் தெரியும். கல்லுக்கான ஸ்கேனை 3 மில்லிசீவர்டுக்குள் முடிக்கலாம். நுரையீரல் புற்றுநோய்க்கான ஸ்கிரீனிங் ஸ்கேனில் சராசரி உடலுக்கு சிடிடிஐ 3 மில்லிகிரேக்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியின் வரம்பு. கல்லீரலுக்குள் இருக்கும் ஒரு செ.மீ.க்கும் சிறிய, நிறம் ஒட்டிய புள்ளி அப்படியில்லை. டோஸைப் பாதிக்கும் கீழே வெட்டி, சாஃப்ட்வேரை உச்ச அளவில் வைத்தால் படம் மெழுகு பூசியதுபோல் வழவழப்பாகத் தெரியும், அந்தப் புள்ளியும் சேர்ந்து துடைக்கப்பட்டிருக்கும். இரைச்சல் குறைவாக இருப்பதும் நோய் தெரிவதும் ஒன்றல்ல. கல்லீரல் புரோட்டோகாலில் கால் பங்குக் குறைப்போடு நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பு என்பது எங்கள் கருத்து.

உரிமக் கட்டணம் தவிர, ரீகனுக்குக் கூடுதல் நேரமும் பிடிக்கலாம். அவசரப் பிரிவில் சில நிமிடத் தாமதம்கூடப் பொருட்டாகும். வாங்குமுன் உங்கள் சொந்தப் புரோட்டோகாலில் ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள்.

## வழி 6: பிஸ்மத் கவசம்

கண், தைராய்டு, மார்பகம் ஆகியவற்றின் மேல் வைக்கும் ரப்பர் போன்ற தாள். வாங்க எளிது, கண்ணுக்குத் தெரியும் செயல் என்பதால் நோயாளிக்கும் ஆறுதல். ஆனால் ட்யூப் முதுகுப் பக்கம் சுற்றும்போது, உடலைக் கடந்து வந்த கதிரையும், அதாவது நோயாளி ஏற்கெனவே விலை கொடுத்துவிட்ட கதிரையும், இந்தத் தாள் விழுங்கிவிடுகிறது. அடியில் கோடுகள் விழுகின்றன, ஹவுன்ஸ்ஃபீல்டு எண்கள் பிசகுகின்றன. ஸ்கௌடுக்கு முன்பே வைத்துவிட்டால் ஆட்டோ எம்ஏ அதைத் தடித்த உடம்பு என்று எண்ணி கரண்டைக் கூட்டும். அதே அளவு பாதுகாப்பை மொத்த எம்ஏவைச் சற்றுக் குறைத்தே பெறலாம் என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2012-லேயே சொல்லிவிட்டது. ட்யூப் முன்பக்கம் வரும்போது மட்டும் கரண்டைக் குறைக்கும் வசதி சில மெஷின்களில் உண்டு. இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். தலை ஸ்கேனில் கேன்ட்ரியையோ (ட்யூப் சுற்றும் வளையத்தையோ) தலையையோ சாய்த்துக் கண் லென்ஸை எல்லைக்கு வெளியே கொண்டுபோவது கவசத்தைவிட நல்லது.

கர்ப்பிணிக்குத் தலையோ மார்போ ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றில் ஈயப் போர்வை போடும் வழக்கத்துக்கும் பலன் மிகக் குறைவு. கருவுக்குப் போவது பெரும்பாலும் தாயின் உடலுக்குள்ளேயே சிதறி வருவது. அதுவும் மிகச் சொற்பம்.

## வழி 7: மெஷினை மாற்றுவது

இதய ஸ்கேனில் வித்தியாசம் பெரிது. பழைய முறையில் 10 மில்லிசீவர்டுக்கு மேல் போனது, இதயம் முழுவதையும் ஒரே துடிப்பில் பிடிக்கும் அகல டிடெக்டரிலும், வேகமான இரட்டை ட்யூப் மெஷினிலும், தகுந்த நோயாளியிடம் ஒற்றை இலக்கத்தின் அடிப்பகுதிக்கு வந்துவிடுகிறது. 2021 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபோட்டான் கவுண்டிங் (கதிர்த்துகள்களை ஒவ்வொன்றாக எண்ணும்) வகையில் மின்னணு இரைச்சல் ஏறக்குறைய இல்லை. மிகக் குறைந்த டோஸில்கூட சிக்னல் மூழ்காது.

ஆனால் மெஷினோடு வரும் புரோட்டோகால்கள் எல்லா இடத்துக்கும் பொதுவானவை, அழகான படத்தை நோக்கி அமைக்கப்பட்டவை. அவற்றை அப்படியே ஓட்டும் புது மெஷின், நன்றாகச் செப்பனிட்ட பழைய மெஷினைவிட அதிக டோஸ் கொடுப்பதுண்டு. இன்னொன்று வேகம். ஸ்கேன் சில விநாடியில் முடியும்போது "எதற்கும் ஒரு ஃபேஸ் கூட எடுத்துவிடலாம்" என்ற கை தானாக நீளும்.

## ஒரே பார்வையில்

| வழி | டோஸ் குறைப்பு | மறைவான செலவு | பிசகினால் | எங்கே சிறந்தது |
|---|---|---|---|---|
| ஸ்கேனைத் தவிர்ப்பது | முழுவதும் | கவனிப்பு நேரம், மாற்றுப் பரிசோதனைக்கு ஆள் | நோய் தவறலாம் | குழந்தைத் தலையடி, கல், குடல்வால் |
| ஃபேஸ், நீளம் | மூன்றில் இரண்டு பங்கு வரை | மருத்துவர்களோடு பேசும் நேரம் | மறுபடி ஸ்கேன் | வயிறு, புற்றுநோய்த் தொடர் ஸ்கேன் |
| மையம், ஆட்டோ எம்ஏ | பிரிவைப் பொறுத்து 20 முதல் 40 சதவீதம் சாத்தியம் | தொடர் கண்காணிப்பு | டோஸ் சத்தமில்லாமல் ஏறும் | எல்லா இடத்திலும் |
| குறைந்த கேவி | மூன்றில் ஒரு பங்கு | ஹவுன்ஸ்ஃபீல்டு ஒப்பீடு குழம்பும் | இரைச்சல், கோடுகள் | ரத்தக் குழாய், குழந்தை, மெலிந்தவர் |
| ரீகன் சாஃப்ட்வேர் | 30 முதல் 50 சதவீதம், எம்ஏஎஸை இறக்கினால் மட்டும் | உரிமம், ரீகன் நேரம் | சிறு புண் மறையும் | நுரையீரல், கல், எலும்பு |
| பிஸ்மத் கவசம் | அந்த உறுப்புக்கு மட்டும் | கோடுகள், எண் பிசகு | டோஸ் ஏறவும் கூடும் | வேறு வழியே இல்லாத பழைய மெஷின் |
| புது மெஷின் | பரிசோதனையைப் பொறுத்து மிக அதிகம் | புரோட்டோகால் உழைப்பு | பழைய டோஸே தொடரும் | இதயம், குழந்தைகள் |

## உங்கள் நிலைமைக்கு எது

16 ஸ்லைஸ் பழைய மெஷின், பணம் இல்லை என்றால் இரண்டும் மூன்றும். இவற்றை முடிக்காமல் நான்காவதுக்குப் போகாதீர்கள். கேவியை இறக்கினால் வரும் இரைச்சலுக்கு மையம் தவறியதால் வரும் இரைச்சலும் சேர்ந்தால், எது எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

புற்றுநோய் நோயாளிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் மையத்தில் இரண்டாவது வழியே எல்லாவற்றையும்விடப் பெரியது, ஏனென்றால் ஒரே நோயாளி ஆண்டுக்கு நான்கு முறை அந்தச் சேமிப்பைப் பெறுகிறார். அங்கே ஐந்தாவதைக் கல்லீரலில் மிதமாகவும், நுரையீரலில் துணிந்தும் பயன்படுத்தலாம்.

குழந்தைகள் அதிகம் வரும் இடத்தில் முதல் வழியையும் நான்காவதையும் சேர்த்துப் பிடியுங்கள். எடைவாரியாகத் தனித்தனிப் புரோட்டோகால் வேண்டும். பெரியவர்களுக்கான பட்டியலில் வயதை மட்டும் மாற்றிக் குழந்தையை ஓட்டுவதைவிடத் தவறு வேறில்லை.

அவசரப் பிரிவில் மூன்றாவது வழிதான் முதலில். அங்கே நோயாளி தூக்கிவரும் பலகையோடு வருவார், கை தூக்க முடியாது, மேசை உயரம் பார்க்க நேரமில்லை. அதனால்தான் பலகையோடு படுப்பவருக்கு மேசை எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே அளந்து, கேன்ட்ரியிலேயே எழுதி ஒட்டிவைக்க வேண்டும்.

இதய ஸ்கேன் தொடங்கப்போகும் இடம் மட்டும், பணத்தைச் சேர்த்து ஏழாவதுக்கு நேராகப் போவதில் நியாயம் இருக்கிறது.

எதைத் தேர்ந்தாலும், டோஸ் வரம்பைத் தாண்டும்போது கன்சோல் கேட்கும் எச்சரிக்கை வசதியை முதல் நாளே இயக்குங்கள். ஒவ்வொரு புரோட்டோகாலுக்கும் உங்கள் நடுமதிப்பைவிடச் சற்று மேலே அறிவிப்பு எல்லையை வையுங்கள். எச்சரிக்கையைத் தாண்டி ஓட்டினால் யார், ஏன் என்று பதிவாக வேண்டும். மூன்று மாதம் கழித்து அதே நான்கு பரிசோதனைகளுக்கு மறுபடி 30 பேரை எடுத்து நடுமதிப்பைப் பாருங்கள். கூடவே எத்தனை ஸ்கேன் மறுபடி எடுக்கப்பட்டது என்பதையும் எண்ணுங்கள். டிஎல்பி இறங்கி, மறு ஸ்கேன் ஏறியிருந்தால் ஒரு படி மேலே வந்து நில்லுங்கள். உங்கள் மெஷினுக்கும் உங்கள் ரேடியாலஜிஸ்டின் கண்ணுக்கும் அதுதான் எல்லை.